விக்குன்யாவின் ரத்தத்தில் ஓர் எழுத்து: நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்

ஆண்டிஸ் மலைத்தொடரில் 3,200 மீட்டருக்கு மேல் மேய்கிற காட்டு விலங்கு விக்குன்யா. ஒட்டகத்துக்கு உறவு. அங்கேயும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி, ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. விக்குன்யா இதைச் சமாளிக்கும் வழிகளில் ஒன்றை ஒரு கணினி இருந்தாலே கண்ணால் பார்த்துவிடலாம்.

படி 1: யூனிபுரோட் என்ற இலவசப் புரதத் தரவுத்தளத்தைத் திறங்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின், அதன் ஒரு பகுதி பீட்டா சங்கிலி. ஹீமோகுளோபின் பீட்டா சங்கிலி என்பதை ஆங்கிலத்தில் தட்டி, கூடவே விலங்கின் அறிவியல் பெயரையும் கொடுங்கள். விக்குன்யா, அதன் நெருங்கிய உறவான குவானாக்கோ, ஒற்றைத் திமில் ஒட்டகம், மனிதர் என நான்கு பதிவுகள் வேண்டும்.

படி 2: நான்கையும் தேர்ந்தெடுத்து 'அலைன்' பொத்தானை அழுத்துங்கள். வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்.

படி 3: இங்கே நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் ஓர் அமினோ அமிலம். மரபணு சொன்ன வரிசையில்தான் அவை கோக்கப்படுகின்றன. ஒட்டகத்தின் சங்கிலி வி, எச், எல், எஸ், ஜி என்று தொடங்கும். விக்குன்யாவில் வி, என், எல், எஸ், ஜி. அந்த இரண்டாம் எழுத்துதான் நாம் தேடி வந்தது. (மனிதப் பதிவின் தொடக்கத்தில் கூடுதலாக ஓர் எம் இருக்கும், எண்ணும்போது அதை விட்டுவிடுங்கள். முதல்முறை என்னை ரொம்பவே குழப்பியது அதுதான்.)

எச் என்றால் ஹிஸ்டிடின். சிவப்பணுவில் டிபிஜி என்ற சிறு மூலக்கூறு உண்டு. அது இரண்டு பீட்டா சங்கிலிகளுக்கும் நடுவே உட்கார்ந்து, ஆக்சிஜனை விட்டுவிடும்படி ஹீமோகுளோபினைத் தூண்டும். அதைப் பிடித்து வைக்கும் கைகளில் ஒன்று இந்த ஹிஸ்டிடின். விக்குன்யாவில் அந்த இடத்தில் 'என்' எனப்படும் அஸ்பராஜின் வந்துவிட்டதால் டிபிஜியின் பிடி தளர்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கமாகப் பற்றுகிறது, காற்று மெலிந்த இடத்திலும் நுரையீரலில் ரத்தம் நன்றாக நிரம்புகிறது. ஒரே ஓர் எழுத்து! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

படி 4: சரி, இது மலைக்காகவே வந்த மாற்றமா? குவானாக்கோவின் வரிசையைப் பாருங்கள். அதிலும் இரண்டாம் எழுத்து 'என்'தான். ஆனால் குவானாக்கோ தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவில் கடல்மட்டம் வரை வாழ்கிறது. எனவே இந்த மாற்றம் இரண்டுக்கும் பொதுவான மூதாதையரிடமே இருந்து, பிறகு மலையேறியபோது கைகொடுத்திருக்கலாம். தாழ்நிலத்து உறவினரை ஒப்பிடாமல் 'தகவமைப்பு' என்று எழுதிவிடாதீர்கள்.

படி 5: இப்போது வீட்டுப் பூனையைச் சேருங்கள். இரண்டாம் இடத்தில் எஃப், அதாவது பினைல் அலனின். உயர்மலைகளில் வாழும் பனிச்சிறுத்தை உட்படப் பூனைக் குடும்பத்திலும் டிபிஜியின் பிடி தளர்வுதான். ஆனாலும் 2015இல் வெளியான ஆய்வில், பனிச்சிறுத்தையின் ஹீமோகுளோபின் மற்றப் பூனைகளுடையதைப் போலவே ஆக்சிஜனைத் தளர்வாகத்தான் பற்றுகிறது என்று தெரிந்தது. அந்த விலங்கு உயரத்தைச் சமாளிக்கும் வழியை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.