ஒரு குளத்தைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்

சுற்றுச்சூழல் அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்த முதல் செமஸ்டரில் என்னிடம் ஐந்து நோட்டுகள் இருந்தன. வேதியியல், சூழலியல், மண்ணியல், புள்ளியியல், சட்டம். ஒன்றில் எழுதியது இன்னொன்றுக்குத் தெரியாது. மதிப்பெண் நன்றாகத்தான் வந்தது. ஆனால் வளாகத்துக் குளத்தில் ஒரு விடிகாலை மீன்கள் செத்து மிதந்தபோது, ஏன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்றே ஆறாவது நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் ‘குளம்’ என்று எழுதினேன்.

நீங்களும் அப்படி ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். குளம், ஓடை, குப்பைமேடு எதுவானாலும் சரி, நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும். ‘புவி வெப்பமயமாதல்’ என்று தொடங்கினால் கைக்குள் அடங்காது. பிறகு வகுப்பில் கேட்கிற ஒவ்வொன்றையும் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

என் குளத்தையே சொல்கிறேன். நன்னீர் 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரைதான். இது வேதியியல் வகுப்பில் வந்தது. பாசி பகலில் ஆக்ஸிஜனை வெளியிடும், இரவில் வெளியிடாமல், சுவாசித்து அதை எடுத்துக்கொள்ள மட்டும் செய்யும். இது சூழலியலில் வந்தது. இரண்டையும் சேர்த்தபோதுதான் புரிந்தது: விடிவதற்குச் சற்று முன்பு நீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும், மீன்கள் சாகிற நேரம் அதுதான். மத்தியானம் மட்டும் போய் அளந்தால் குளம் நலமாகவே தெரியும். மாதிரி எடுக்கும் நேரத்தைப் பற்றிப் புள்ளியியல் ஆசிரியர் அவ்வளவு வலியுறுத்தியது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

பாசி ஏன் அப்படிப் பெருகுகிறது? 1973இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர், 226 என்று எண்ணிட்ட ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பாதியில் மட்டும் கூடவே பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பாதிதான் பச்சையாகிப் போனது. சலவைத்தூளில் இருக்கும் பாஸ்பேட்டை, அதாவது பாஸ்பரஸ் சேர்மத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்துக்கு இந்தச் சோதனை பெரும் வலு தந்தது. சட்டப் பாடம் எனக்கு ருசிக்கத் தொடங்கியது அங்கேதான்.

நோட்டின் கடைசிப் பக்கங்களைச் சொற்களுக்கென்று ஒதுக்குங்கள். ‘சமநிலை’ என்றால் வேதியியலாருக்கு முன்வினையும் பின்வினையும் ஒரே வேகத்தில் நடப்பது. பொருளியலாருக்குத் தேவையும் அளிப்பும் ஒத்துப்போவது. சூழலியலில் அந்தச் சொல்லையே ஐயத்தோடு பார்ப்பவர்கள் உண்டு. குழுவாகச் செய்யும் வேலைகளில் வரும் சண்டைகளில் பாதி இப்படிப்பட்ட சொற்களால்தான் வருகிறது. சண்டை வந்த சொல்லை அன்றே எழுதி, மூன்று பொருளையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள். புள்ளியியலும், தரவுகளைக் கணினி வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் ஜிஐஎஸ்ஸும் முதல் ஆண்டிலேயே கைவந்துவிட்டால் மற்ற பாடங்கள் இளகும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு துறையில் ஆழமாக இறங்கிவிடுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவரைவிட, ஒன்றை நன்றாகத் தெரிந்துகொண்டு மற்றவர் மொழியையும் புரிந்துகொள்பவரைத்தான் குழுக்கள் தேடுகின்றன என்பது என் அனுபவம்.

முதல் வாரத்தில் கருவி எதுவும் வேண்டாம். போய் நின்று தேதி, நேரம், வானிலை, நீரின் நிறம், வாசனை ஆகியவற்றை எழுதுங்கள். நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரம் குறிக்காத என் முதல் இரண்டு மாத அளவுகளை நான் எதற்கும் பயன்படுத்த முடியவில்லை.