டிம் டாம் பிஸ்கட்டைச் சாப்பிடும் முறை

ஆஸ்திரேலியாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களின் பெட்டியில் துணிமணிகளுக்கு இடையே தவறாமல் இடம்பிடிக்கும் பண்டம் டிம் டாம். கொண்டுவந்தவர் வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வாங்கியவர்கள் அதை வேறு எந்தச் சாக்லேட் பிஸ்கட்டையும் போல இரண்டு கடியில் முடித்துவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வெறுமனே கடித்துத் தின்றால் டிம் டாம் ஒரு நல்ல பிஸ்கட், அவ்வளவே. சூடான பானத்தோடு சேர்த்துச் சாப்பிடும்போதுதான் அந்த நாட்டு மக்கள் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவதன் காரணம் விளங்கும். அப்படிச் சாப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. அது தெரியாமல் முயன்றால் பாதி பிஸ்கட் கோப்பையின் அடியில் சேறாகக் கிடக்கும்.

இதைத் தயாரிப்பது ஆர்னாட்ஸ் நிறுவனம். வில்லியம் ஆர்னாட் என்பவர் 1865-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நியூகாசில் நகரில் தொடங்கிய பேக்கரியே அதன் மூலம். அந்நிறுவனத்தின் உணவுத் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைமை வகித்த இயன் நாரிஸ் 1958-இல் பிரிட்டன் சென்றபோது, அங்கே பெயர்பெற்றிருந்த பெங்குவின் என்ற சாக்லேட் பிஸ்கட்டைச் சுவைத்து, இதைவிடச் சிறந்த ஒன்றைச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தைக் காணச் சென்றிருந்த ராஸ் ஆர்னாட், வென்ற குதிரையின் பெயரைப் புதிய பிஸ்கட்டுக்கு வைத்தார். (அந்தக் குதிரை சில வாரங்கள் கழித்து நடந்த பெல்மான்ட் பந்தயத்தில் கால் எலும்பு முறிந்தும் இரண்டாவதாக வந்தது, பிஸ்கட்டோ இன்றுவரை தளராமல் ஓடிக்கொண்டிருக்கிறது.) டிம் டாம் கடைகளுக்கு வந்தது 1964-இல்.

சாப்பிடும் முறைக்குப் போவதற்கு முன் அதன் அமைப்பைக் கவனித்துக்கொள்வது நல்லது. மால்ட் சேர்த்த இரண்டு சாக்லேட் பிஸ்கட்டுகளும், அவற்றை ஒட்டவைக்கும் மெல்லிய சாக்லேட் கிரீமும், எல்லாப் பக்கங்களையும் இடைவெளியின்றி மூடும் சாக்லேட் பூச்சுமாக மூன்று அடுக்குகள் அதில் இருக்கின்றன. பூச்சு வழவழப்பாக இராமல் மேற்புறத்தில் சிற்றலை போன்ற வரிகளோடு இருக்கும். உள்ளிருக்கும் பிஸ்கட் மொறுமொறுப்பானதுதான் என்றாலும், நுண்ணிய துளைகள் நிறைந்தது. பானம் உள்ளே ஏறுவதற்கு இந்தத் துளைகளும், ஏறிய பானம் பக்கவாட்டில் ஒழுகாமல் இருப்பதற்கு அந்தப் பூச்சும் காரணம்.

பொட்டலத்தைப் பிரித்ததும் முதல் பிஸ்கட்டை எதிலும் தோய்க்காமல் தின்றுபார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. சுவையின் அடிப்படை என்ன என்று நாக்குக்குத் தெரிந்தால்தான் சூடு அதில் என்ன மாற்றத்தைச் செய்கிறது என்பது தெரியவரும். வெயில் காலத்தில் சென்னையிலோ மதுரையிலோ அறையில் வைத்த டிம் டாமை எடுத்தால் பூச்சு விரலோடு வந்துவிடும் என்பதால், அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்த பின் ஐந்து நிமிடம் வெளியில் விட்டுச் சாப்பிடலாம். முன்பற்களால் இரு முனைகளின் பூச்சை மட்டும் கொறித்து எடுத்துவிட்டுப் பிறகு அடுக்குகளைப் பிரித்துத் தின்பவர்களும் உண்டு. சிறுவர்களுக்கு அது விளையாட்டு. பெரியவர்களும் யாரும் பார்க்காதபோது செய்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வரலாம். ஆஸ்திரேலியர்கள் டிம் டாம் ஸ்லாம் என்று அழைக்கும் இந்த முறையில் பிஸ்கட்டே உறிஞ்சுகுழலாகிறது. அந்நாட்டுப் பாடகி நடாலி இம்ப்ரூலியா பிரிட்டன் தொலைக்காட்சியில் கிரஹாம் நார்ட்டன் நிகழ்ச்சியில் செய்துகாட்டியதால் வெளிநாடுகளிலும் பலருக்கு இது அறிமுகமாயிற்று. பிஸ்கட்டை நீளவாக்கில் பிடித்துக்கொண்டு, ஒரு முனையின் மூலையையும், அதற்கு மூலைவிட்டமாக எதிர்முனையில் இருக்கும் மூலையையும் சிறிதளவு கடித்தெடுக்க வேண்டும். சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு போதும். உள்ளே இருக்கும் கரும்பழுப்பு நிறப் பிஸ்கட்டும் நடுவில் ஓடும் கிரீம் கோடும் கண்ணுக்குத் தெரிந்தால் சரி. முழு முனையையும் கடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பானம் விரைவாக வரும் என்பது உண்மைதான், ஆனால் அந்த இடத்தில் சுற்றிப் பிடித்துக்கொள்ளப் பூச்சு இல்லாமல் போவதால் முனை முதலில் கரைந்து விழுந்துவிடும். மூலைகளைக் கடிக்கும் வழியே நிதானமானது.

கடித்த மூலைகளில் ஒன்றைப் பானத்தின் மேற்பரப்புக்குக் கீழே அரை சென்டிமீட்டர் மட்டும் அமிழ்த்தி, மற்றதை உதடுகளால் இறுகக் கவ்வி உறிஞ்ச வேண்டும். முதல் இழுப்பில் ஒன்றும் வராது. காற்றுதான் வரும். விடாமல் மெதுவாக இழுத்தால் பானம் பிஸ்கட்டின் துளைகள் வழியாக ஏறி, கிரீமை இளக்கி, மால்ட்டும் கோகோவும் கரைந்த நிலையில் நாக்கைத் தொடும். தொட்ட அந்தக் கணமே உறிஞ்சுவதை நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு வாய் குடிக்கலாம் என்ற ஆசை வரும் இடம் அதுதான். பெரும்பாலானவர்கள் பிஸ்கட்டைக் கோப்பைக்குள் பறிகொடுப்பதும் அங்கேதான். விரல்களுக்கிடையே பூச்சு நெகிழ்ந்து பிஸ்கட்டின் நடுப்பகுதி லேசாக வளைவதை உணரலாம். அதற்குமேல் தாமதிக்காமல், நனைந்த முனை முதலில் போகும்படி திருப்பி, முழுவதையும் ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். முழுதாக வாயில் அடங்காது என்று தோன்றினால் இரண்டு கடியாகத் தின்னலாம், ஆனால் கோப்பையின் மேலேயே பிடித்துக்கொண்டு தின்ன வேண்டும்.

இது நடக்கும் விதம் எளிமையானது. சாக்லேட்டில் உள்ள கோகோ கொழுப்பு ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில், அதாவது நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே, உருகிவிடும். பானத்தின் சூடோ அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. எனவே பானம் உள்ளே புகுந்த உடனே பிஸ்கட் உள்ளிருந்து ஊறத் தொடங்கினாலும், பூச்சு உருகிச் சரிவதற்குச் சில நொடிகள் ஆகும். உள்ளே கூழாகவும் வெளியே இன்னும் பிடிமானத்தோடும் இருக்கும் அந்தச் சில நொடிகளை அகப்படுத்துவதுதான் இந்த முறையின் சூட்சுமம். பிஸ்கட்டை முன்கூட்டியே ஃபிரிட்ஜில் குளிரவைத்தால் இந்த அவகாசம் சற்று நீளும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். உறைபெட்டியில் வைத்துக் கல்லாக்கிவிட்டால் கிரீம் இறுகிப் பானத்துக்கு வழிவிடாது.

பானத்தின் சூடு வாய் பொறுக்கும் அளவில் இருக்க வேண்டும். உறிஞ்சும்போது பானம் நேராக நாக்கில் வந்து விழுவதால், கோப்பையில் ஊதி ஊதிக் குடிப்பதுபோல் இங்கே தப்பிக்க வழியில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தேநீரை மூன்று நான்கு நிமிடம் விட்டுவிட்டுத் தொடங்க வேண்டும், சிறுவர்களுக்கு இன்னும் ஆறவிட வேண்டும். வெதுவெதுப்பான பாலிலும் இது நன்றாகவே வரும். குளிர்ந்த பாலில் உறிஞ்ச முடியும் என்றாலும் கிரீம் இளகாததால் பயன் குறைவு. கோப்பை விளிம்புவரை நிறைந்திருப்பதும் அவசியம், ஏனெனில் பிஸ்கட் நீளத்தில் குறைவானது. பாதி காலியான கோப்பைக்குள் மூக்கை நுழைக்க முயன்றால் உறிஞ்சுவதற்கு முன்பே தோற்றுவிடுவோம்.

எந்தப் பானம் என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. நீர்த்த பானங்கள் எளிதாக ஏறும் என்பதால் பால் சேர்க்காத காப்பியும் தேநீரும் தொழில்நுட்பரீதியாகச் சிறந்தவை. ஹாட் சாக்லேட்டைப் பலர் விரும்பினாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. அது கெட்டியாக இருப்பதால் துளைகளை அடைத்துக்கொள்வதோடு, இனிப்பின் மேல் இனிப்பைக் கொட்டுகிறது. நம் வீட்டு ஃபில்டர் காப்பி இதற்கு மிகவும் பொருந்துகிறது, ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. டிகாக்‌ஷனின் கசப்பு மேலோங்கி நிற்கும்படி சர்க்கரை இல்லாமல் கலக்க வேண்டும். ஒரு டிம் டாமிலேயே ஏறத்தாழ 8 கிராம் சர்க்கரை இருக்கிறது. அடுத்து, ஆற்றும்போது எழுந்த நுரை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நுரையில் உள்ள காற்றை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருப்போம். டம்ளரிலேயே தளும்ப ஊற்றிக்கொள்வது நல்லது. டபரா ஆழம் குறைந்ததாக இருப்பதால் பிஸ்கட்டைச் சாய்த்துப் பிடிக்க நேரிடும்.

எல்லா வகை டிம் டாமும் ஸ்லாமுக்கு ஏற்றவை அல்ல. ஒரிஜினல் வகை நடுநிலையானது. டபுள் கோட் என்ற வகையில் பூச்சு கனமாக இருப்பதால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். டார்க் சாக்லேட் வகை பால் கலந்த காப்பிக்கு நல்ல துணை. வெள்ளைச் சாக்லேட் பூசியது விரைவில் குழைந்துவிடும் என்பதால் கை பழகிய பிறகு முயலலாம். சூயி கேரமல் வகையில் இறுகிய கேரமல் அடுக்கு பானத்தின் வழியை மறிப்பதால் அதை உறிஞ்ச முயல்வது வீண் வேலை. அதைக் குளிரவைத்து, மெல்ல மெல்லத் தின்பதே தகும்.

வாங்கும்போது எங்கே தயாரானது என்று உறையைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் விற்பவை சிட்னியின் மேற்குப் பகுதியிலுள்ள ஹன்டிங்வுட் ஆலையில் தயாராகின்றன. ஒரிஜினல் வகையின் 200 கிராம் பொட்டலத்தில் 11 பிஸ்கட்டுகள் இருக்கும். அங்குள்ள கோல்ஸ், வூல்வொர்த்ஸ் கடைகளில் அடிக்கடி பாதி விலைக்குக் கிடைப்பதால், ஊருக்கு வருபவர்கள் அந்த வாரத்தைப் பார்த்தே வாங்கிக் குவிக்கிறார்கள். இந்தோனேசியாவிலும் ஆர்னாட்ஸ் டிம் டாம் தயாரிக்கிறது. தென்கிழக்காசியக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான், சீஸ் சுவை கொண்ட வகைகூட அதில் உண்டு. இரண்டையும் தின்றவர்கள் சிட்னி தயாரிப்பின் பக்கமே சாய்வார்கள், நானும் அப்படியே. கோதுமையும் பாலும் சோயாவும் சேர்ந்த பண்டம் என்பதால் ஒவ்வாமை உள்ளவர்களும், வகைக்கு வகை நிறமிகள் மாறும் என்பதால் சைவ உணவுக்காரர்களும் பின்புறப் பட்டியலைப் படித்துவிட வேண்டும். குளூட்டன் இல்லாத வகையும் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கிறது.

பயணத்தில் உருகி மீண்டும் இறுகிய டிம் டாமின்மேல் வெண்மையான படலம் தெரிந்தால் பூஞ்சை என்று பயந்து எறிந்துவிட வேண்டாம். சாக்லேட்டின் கொழுப்பு மேலே வந்து படிந்ததுதான் அது. தின்பதால் தீங்கில்லை, பளபளப்பு மட்டும் போயிருக்கும். பொட்டலம் இளகிய நிலையில் கைக்கு வந்தால் உள்ளிருக்கும் தட்டு சாயாதபடி கிடைமட்டமாக, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வைத்து இறுகவிடலாம். பிரித்த பொட்டலத்தை ஃபிரிட்ஜில் வைப்பதானால் காற்றுப்புகாத டப்பா தேவை. எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் பத்து நிமிடம் வெளியில் வைத்தால், ஈரக்காற்று பிஸ்கட்டின்மேல் முத்து முத்தாகப் படிவதைத் தவிர்க்கலாம்.

பெட்டிக்குள் நொறுங்கிப்போனவற்றுக்கும் வேலை இருக்கிறது. வெனிலா ஐஸ்கிரீமின்மேல் தூவலாம். சீஸ்கேக்கின் அடித்தளத்துக்கு வழக்கமான பிஸ்கட்டுக்குப் பதிலாகப் பொடித்துச் சேர்ப்பதானால், பூச்சிலும் கிரீமிலும் ஏற்கெனவே கொழுப்பு இருப்பதால் வெண்ணெயைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலிய வீடுகளில் விருந்துக்குச் செய்யும் உருண்டை இன்னும் எளிது: ஒரு பொட்டலம் டிம் டாமை மிக்ஸியில் பொடித்து, அறை வெப்பத்துக்கு வந்த கிரீம் சீஸ் 100 முதல் 125 கிராம் வரை சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, ஒரு மணி நேரம் குளிரவைத்து, உருக்கிய சாக்லேட்டில் புரட்டி எடுக்க வேண்டும். பொடிக்கும்போது மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி ஓட்டாவிட்டால் சூட்டில் கிரீம் உருகிப் பொடி பசையாகிவிடும். கிரீம் சீஸ் சேர்வதால் இந்த உருண்டைகளை ஃபிரிட்ஜில் மூடிவைத்து மூன்று நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.