கண்ணகியின் அரசியலைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலப்பதிகாரத்தைப் பற்றி முதன்முதலாக எழுதுவோரின் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்தி வருகிறேன். பெயர்ப் பிழைகளும் காதைகளின் வரிசைப் பிழைகளும் ஒரு மறுவாசிப்பில் போய்விடும் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘தேரா மன்னா’வோடு நிறுத்திவிடுதல்

கண்ணகி முடியாட்சியையே எதிர்த்தவள் என்று நிறுவ, அவள் பாண்டியன் அவையில் நீதி கேட்கும் வழக்குரை காதையிலிருந்து இவ்விரு சொற்களை மட்டும் எடுத்து வைக்கிறார்கள். முன்பு ஒரு மேடையில் நானும் அப்படித்தான் முழங்கினேன். உரை முடிந்ததும் முதிய தமிழாசிரியர் ஒருவர் அருகில் வந்து, “தம்பி, அதற்கு அடுத்து அவள் யாரைச் சொல்கிறாள்?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அன்று கூசியது, இதே தவறைப் பிறர் கட்டுரையில் காணும்போது இன்றும் எரிச்சலாக மூள்கிறது.

யார் நீ என்று பாண்டியன் வினவும்போது, கண்ணகி தன் பெயரைக் கடைசியாகவே சொல்கிறாள். புறாவின் துயரைத் தீர்த்தவனையும், பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட்டதால் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டவனையும் முதலில் நிறுத்தி, அத்தகைய சோழர்களின் புகார் என் ஊர் என்று கூறிய பிறகே கோவலனுக்கும் தனக்கும் வருகிறாள். பாண்டியனை அளக்க அவள் கொண்டுவந்த அளவுகோல் தன் நாட்டு அரசர்களே. ‘தேரா’ என்றால் ஆராயாத என்று பொருள். அரியணையில் இருந்துகொண்டு ஆராயாமல் தீர்ப்பளித்தவனையே அச்சொல் சுடுகிறது, அரியணையை அவள் கேள்விக்கு உட்படுத்தவில்லை. திங்களைச் சோழனின் வெண்குடைக்கு ஒப்பிட்டுப் போற்றித் தொடங்கும் காப்பியத்தில், புகாரில் வளர்ந்த பெண் நீதியை இப்படித்தான் கற்றிருப்பாள். பாண்டியனும் அதே அளவுகோலுக்குத் தலைவணங்கி, ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று வீழ்கிறான்.

மதுரை எரிந்ததோடு முடியாட்சியும் முடிந்ததாக எழுதுதல்

கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் அடுத்த பாண்டியனாக அரியணை ஏறியதை நீர்ப்படைக் காதை சொல்கிறது.

அவள் வீரத்தைக் குறைத்துவிடுதல்

முதல் தவறைத் திருத்தச் சொன்னால், சிலர் உடனே இதற்குத் தாவுகிறார்கள். அரச நெறியை நம்பியவள் என்பதால் அவள் அடங்கிப் போனவள் ஆகிவிடமாட்டாள். அந்நெறியை நம்பியதால்தான் தனியொருத்தியாக அவை புகுந்து ஓர் அரசனிடம் கணக்குக் கேட்க முடிந்தது.

வாழ்த்துக் காதையைப் படிக்காமல் விடுதல்

சேரர் தலைநகரான வஞ்சியில் தெய்வமாகத் தோன்றும் கண்ணகி, ‘தென்னவன் தீதிலன்’ (பாண்டியன் குற்றமற்றவன்) என்று கூறி, நான் அவன் மகள் என்றும் சொல்கிறாள். இவ்வரிக்குக் கட்டுரையில் இடம் அமையவில்லை என்றால், ‘முடியாட்சியை எதிர்த்தவள்’ என்ற தலைப்பையே மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.