தரங்கம்பாடிக்கு ஒரு நாள்

மயிலாடுதுறையிலிருந்து காலையிலேயே பேருந்து ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் கோட்டை மதிலில் நிற்க முடியாது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர் கட்டிய கோட்டை இது. கடலைப் பார்த்தபடி ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். எனக்கு அதுவே போதாது.

பக்கத்திலேயே கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில். அப்புறம் ராஜ வீதியில், 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

சரி, சாப்பாடு. பெரிய ஓட்டலைத் தேடாதீர்கள். சின்னக் கடையில் "இன்னிக்கு என்ன மீன் வந்திருக்கு அக்கா?" என்று முதலில் கேளுங்கள். மத்தி என்றால் யோசிக்காமல் குழம்பு வாங்குங்கள். மண்சட்டியில் வைத்து, புளி நன்றாக ஊறிய குழம்பென்றால் நான் மறுசோறு கேட்பேன். நேரமிருந்தால் மாலையில் வடக்கே பூம்புகார்; காவிரி கடலில் சேரும் இடம்.