ஒரு நாயகன் மாறிய இடங்கள்: சூப்பர் ஹீரோ காமிக்ஸைத் தேடிச் சேர்ப்பது எப்படி

சேகரிக்கத் தொடங்கும் பலரும் 1-ஆம் இதழில் ஆரம்பித்து வரிசையாக வாங்கப் பார்க்கிறார்கள். பேட்மேன் வரும் டிடெக்டிவ் காமிக்ஸ் 2019-லேயே 1000-ஆம் இதழைத் தொட்டுவிட்டது. அந்த வரிசையைத் துரத்தினால் பணமும் தீரும், பீரோவும் நிறையும், கதாபாத்திரம் எங்கே திரும்பியது என்பது மட்டும் கண்ணில் படாது. ஒரே ஒரு நாயகனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மாறிய ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு இதழ்கள் போதும்: மாற்றத்துக்கு முந்தையது ஒன்று, பிந்தையது ஒன்று. பலர் விலை கொடுப்பது பிந்தைய இதழுக்குத்தான். ஆனால் முந்தையதைப் பக்கத்தில் வைத்தால்தான் என்ன மாறியது என்று தெரியும். அது பெரும்பாலும் மலிவாகவும் கிடைக்கும்.

நாயகனைத் தேர்ந்தெடுக்கும்போது குறைந்தது 40 ஆண்டு ஓடியவராகப் பாருங்கள். உடையில் ஒரு மாற்றமாவது, குணத்தில் ஒரு மாற்றமாவது இருக்க வேண்டும். 1938-ல் வந்த சூப்பர்மேன் பறக்கவில்லை, எட்டில் ஒரு மைல் தூரம் தாவினார், அவ்வளவுதான். 1939-ன் பேட்மேன் தொடக்கக் கதைகளில் துப்பாக்கியும் எடுத்தார். 1964-ல் டேர்டெவில் மஞ்சள் உடையில் வந்து, அடுத்த ஆண்டு 7-ஆம் இதழில் சிவப்புக்கு மாறினார். இவர்களில் யாரை எடுத்தாலும் நல்ல தொகுப்பு அமையும்.

பிறகு ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள். ஸ்பைடர்மேனை எடுத்துக்கொண்டால் இப்படி வரும்: 1962 ஆகஸ்ட், அமேசிங் ஃபேன்டஸி 15, அறிமுகம். 1973 ஜூன், அமேசிங் ஸ்பைடர்மேன் 121, காதலி க்வென் ஸ்டேசியின் மரணம். 1984 மே, 252-ஆம் இதழ், கறுப்பு உடை. 1987, ஆண்டு மலர் 21, திருமணம். 1988 மே, 300-ஆம் இதழ், வெனம் என்ற வில்லன் முழுமையாக வருகிறான், ஸ்பைடர்மேன் சிவப்பு-நீலத்துக்குத் திரும்புகிறார். திருமணமே நடக்காததுபோல் ஆக்கிய கதை 2007-ல் வந்தது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 252-ல் கறுப்பு உடையோடு திரும்பி வருபவருக்கு அந்த உடை எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லும் சீக்ரெட் வார்ஸ் தொடரின் 8-ஆம் இதழின் அட்டையில் 1984 டிசம்பர் என்று இருக்கும். கதை வரிசைப்படி அடுக்கினால் அதுதான் முதலில் வர வேண்டும். ஆனால் அன்றைய வாசகர் ஏழு மாதம் காரணம் தெரியாமலே படித்தார். அந்தக் காத்திருப்பும் வரலாற்றின் பகுதிதான். அதனால் வெளியான வரிசையிலேயே அடுக்குங்கள், கதை வரிசையை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டையில் உள்ள மாதம் கடைக்கு வந்த மாதம் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். பொதுவாக இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போட்டிருப்பார்கள். சூப்பர்மேனின் முதல் இதழில் ஜூன் என்று இருக்கிறது, விற்பனைக்கு வந்தது ஏப்ரலில்.

மாற்றத்துக்குக் காரணம் எப்போதும் கதாசிரியர் இல்லை. அச்சகம், தணிக்கை, விற்பனை மூன்றும் நாயகர்களை மாற்றியிருக்கின்றன. ஹல்க்கைப் பாருங்கள். 1962 மே மாத முதல் இதழில் அவர் சாம்பல் நிறம். அன்றைய நாலு வண்ண அச்சில் சாம்பல் நிறத்தை ஒரே சீராகக் கொண்டுவர முடியவில்லை. ஒரு படக்கட்டத்தில் வெளிர் சாம்பல், அடுத்ததில் கறுப்புக்குப் பக்கத்தில், இன்னொன்றில் லேசாகப் பச்சை. 2-ஆம் இதழிலேயே பச்சையாக்கிவிட்டார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் முதல் கதையை மறுபதிப்பு செய்தபோதெல்லாம் ஹல்க்குக்குப் பச்சையே பூசினார்கள். பழைய மறுபதிப்பை மட்டும் வைத்திருப்பவர் ஹல்க் பிறவியிலேயே பச்சை என்றுதான் நினைப்பார். ஆங்கிலத்தில் ஃபேன்டம் எனப்படும் வேதாளருக்கும் இதே கதைதான். அவரைப் படைத்த லீ ஃபாக் மனத்தில் வைத்திருந்தது சாம்பல் நிற உடை. 1939-ல் ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோது அது ஊதாவாக அச்சாகி, அப்படியே நிலைத்தது.

ஆகவே வாங்கும் முன் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். அசல் கைக்கு எட்டாத விலையென்றால் ஃபேக்சிமிலி பதிப்பு, அதாவது அசலை அப்படியே நகலெடுத்துப் புதிதாக அச்சிட்ட பதிப்பு, வாங்கலாம். விளம்பரம், வாசகர் கடிதம் எல்லாம் பழையபடியே இருக்கும். தொகுப்பு நூல்களில் இவை பெரும்பாலும் இருக்காது, வண்ணமும் புதிதாகப் பூசியிருக்கலாம். ஃபேக்சிமிலியை அசல் என்று விற்பவர்களும் உண்டு. அட்டை விலையையும் பார்கோடையும் பாருங்கள். அதோடு முதல் பக்கத்தின் அடியில் அல்லது முன்னட்டையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் படியுங்கள், ஆண்டு அங்கே தெரியும்.

அட்டையைப் பார்த்தே காலத்தைக் கணிக்கவும் பழகலாம். அமெரிக்க இதழ்களின் விலை 1961 கடைசி வரை 10 சென்ட், பிறகு 12, 1969-ல் 15. சென்ட்டுக்குப் பதில் பென்ஸ் விலை இருந்தால் அது பிரிட்டனுக்குப் போன பிரதி. அதே காலத்தில் அச்சானதுதான், மறுபதிப்பு என்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்க காமிக்ஸ் தணிக்கைக் குழுவின் முத்திரை 1955 முதல் அட்டைகளில் வருகிறது. ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வல் அதை 2001-ல் கைவிட்டது, பேட்மேனை வெளியிடும் டிசி 2011-ல். பேட்மேனின் நெஞ்சில் வௌவாலைச் சுற்றி மஞ்சள் வட்டம் இருந்தால், அந்தக் கதை 1964 மே மாத டிடெக்டிவ் 327-க்கு முந்தையதாக இருக்க முடியாது. சூப்பர்மேனுக்குச் சிவப்பு ஜட்டி இல்லையென்றால் 2011-க்கும் 2018-க்கும் இடைப்பட்டதா என்று முதலில் பாருங்கள்.

தமிழில் சேர்ப்பவர்களுக்கு இந்த முறை இன்னும் அழகாகப் பொருந்தும். இரும்புக்கை மாயாவி 1962-ல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் வில்லனாகத்தான் தொடங்கினார். மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். அந்தச் சக்தியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தியவர் பிறகு ரகசிய உளவாளியானார், ஒரு கட்டத்தில் சூப்பர் ஹீரோ உடையும் போட்டார். ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல, இவர் வேறு) அப்படித்தான். 1965-ல் பிரிட்டனின் லயன் வார இதழில் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக வந்தார். முதல் கதைகள் டெட் கோவன் எழுதியவை. அவருக்குப் பின் எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். ஸ்பைடர் நல்லவராக மாறியது எந்தக் கதையில் என்று தேடிப் பிடிப்பது ஒரு தனி ஆனந்தம்.

ஆனால் 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸோ 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸோ வெளியிட்ட வரிசையையே மூலத்தின் வரிசை என்று எண்ணி அடுக்கக் கூடாது. ஒவ்வொரு தமிழ் இதழுக்கும் மூலக்கதை எந்த ஆண்டில் வந்தது என்று கண்டுபிடித்து நோட்டில் குறியுங்கள். பெயர்களிலும் கவனம் வேண்டும். வேதாளர் என்று சிலருக்குத் தெரிந்தவரே ராணி காமிக்ஸ் வாசகர்களுக்கு முகமூடி வீரர் மாயாவி. கடைக்காரரிடம் வெறும் "மாயாவி இருக்கா?" என்று கேட்டால் வேறு மாயாவி வந்து சேருவார்.

சென்னையில் தேட மூர் மார்க்கெட் பகுதி, திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகள், ஜனவரி புத்தகக் காட்சி மூன்றையும் விடாதீர்கள். புத்தகக் காட்சியில் புதிய மறுபதிப்புகள் கிடைக்கும். பழையதற்கு நடைபாதைதான். கையில் எடுத்ததும் பக்கத்தை எண்ணுங்கள். அமெரிக்க இதழ் பெரும்பாலும் உள்ளே 32 பக்கம், அட்டை 4. நடுத்தாள் ஸ்டேப்பிளில் இருந்து கழன்று காணாமல் போவது சகஜம். 1974-ல் தொடங்கி மார்வல் இதழ்களின் கடிதப் பக்கத்தில் வெட்டி ஒட்டும் ஸ்டாம்ப் இருந்தது. அதைக் கத்தரித்திருந்தால் பின்பக்கமும் ஓட்டை, விலை பாதிக்கும் கீழே போகும். வுல்வரின் முழுதாக வரும் 1974-ன் ஹல்க் 181-ஐ இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. நம் ஊர் பைண்டிங் தொகுப்புகளில் பைண்டர் ஓரங்களைச் சீவியிருப்பார், அட்டைகளையும் எடுத்திருப்பார். படிக்க நல்லது, அசல் விலை கொடுக்க வேண்டாம்.

வாங்கியதை வீட்டில் வைப்பதுதான் சென்னையில் பெரிய வேலை. கடற்காற்றில் ஸ்டேப்பிள் துருப்பிடித்து, துரு தாளுக்குள் இறங்கும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவின் கீழ்த்தட்டு வேண்டாம், தரைத்தளம் என்றால் முழங்காலுக்கு மேல் வையுங்கள். 1960-70-களின் அமெரிக்க இதழுக்கு 7⅛ x 10½ அங்குல உறை, இன்றைய இதழுக்கு 6⅞ x 10½, பின்னால் அமிலமற்ற அட்டை. தமிழ்ப் பாக்கெட் அளவுகள் பலவிதம், ஸ்கேலால் அளந்து, அரை அங்குலம் கூட்டி உறை வாங்குங்கள். சாதாரண பிளாஸ்டிக் கவர் வேண்டாம். நாளடைவில் மஞ்சளாகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும். செலோ டேப் எந்தக் கிழிசலுக்கும் கூடவே கூடாது.

ஈரத்தோடு இருக்கும் இதழைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டால் அந்த ஈரமே உள்ளே பூஞ்சணமாகும். முதலில் ஏசி அறையில் இரண்டு நாள், பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் வைத்து உலர்த்துங்கள். பிறகு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் சின்ன ஈரப்பதமானியும். 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நிம்மதி. ஜெல்லின் ஆரஞ்சு மணிகள் பச்சையானால் எடுத்து ஓவனில் 110 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். ரசகற்பூர உருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

நடைபாதையில் வாங்கியதில் பூச்சி இருக்கலாம். ஜிப் உறையில் காற்றை அழுத்தி எடுத்து மூடி, டீப் ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே வெளியே விடுங்கள். அவசரப்பட்டு உடனே பிரித்தால் குளிர்ந்த அட்டையில் காற்றின் ஈரம் முத்துமுத்தாகப் படியும், அச்சு மை பக்கத்துத் தாளில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவைத் திறக்காதீர்கள். பொங்கல் முடிந்து வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் நடுப்பக்கத்து ஸ்டேப்பிளைப் பாருங்கள்.