பிள்ளைகளுக்கான மிஷன் பயணமா? டிக்கெட் போடும் முன் இதைக் கேளுங்கள்

சபையிலிருந்து குழுவாக வெளிநாடு போய் ஒன்றிரண்டு வாரம் பிள்ளைகள் மத்தியில் ஊழியம் செய்யத் திட்டமா? டிக்கெட் போடும் முன், அங்கே உங்களை வரவேற்கும் சபையிடம் இதைக் கேளுங்கள்: "நாங்கள் கிளம்பிய பிறகும் இந்தப் பிள்ளைகளோடு இருக்கப்போவது யார், அவர்களுக்கு என்ன தேவை?" பதில் வந்த பிறகு நிகழ்ச்சி நிரல் போட்டால் போதும்.

அனாதை இல்லம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கிருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார், வறுமைதான் அவர்களைப் பிரித்திருக்கிறது. வருகிறவர்கள் தரும் காணிக்கைக்காகவே பிள்ளைகளைச் சேர்க்கும் இடங்களும் உண்டு. இப்படிப்பட்ட தன்னார்வப் பயணங்கள் ஆள்கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் வழிவிடலாம் என்று 2019-இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே எச்சரித்தது. அதோடு, ஒவ்வொரு குழுவிடமும் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பிரிந்து அழுகிற பிள்ளையின் மனதை நினைத்துப் பாருங்கள். எனக்கு இதுதான் பெரிய பாரம்.

அதனால் பாட்டு, கதை, விளையாட்டு எல்லாவற்றையும் அந்த ஊர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே நடத்தட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று உதவுங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க வேண்டாம். பெற்றோர் சம்மதமில்லாமல் போட்டோ போட வேண்டாம்.

அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடு என்றால் முன்கூட்டியே போடுங்கள், சான்றிதழ் 10 நாள் கழித்துத்தான் செல்லும்.