வெயில் பழகிவிட்டது என்பவர்கள் செய்யும் தவறுகள்

வெளியில் நின்று வேலை செய்பவர்களிடம் வெயிலைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் பழகிவிட்டது" என்பார்கள். பாதி உண்மை. சூட்டுக்கு உடம்பு பழகும். புற ஊதாக் கதிருக்குத் தோல் அப்படிப் பழகாது. வருடக்கணக்கில் பட்டதெல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். மெலனோமா என்ற கொடிய வகையைச் சேராத மற்ற தோல் புற்றுநோய் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு வெயிலில் வேலை செய்ததுதான் காரணம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2023-இல் கணக்கிட்டன. கறுத்த தோலுக்கு இயல்பாகவே கொஞ்சம் பாதுகாப்பு உண்டு என்பது சரிதான். ஆனால் கண்ணுக்கு அது உதவாது, தோலுக்கும் முழுக் கவசம் ஆகாது.

அந்தப் புற ஊதாக் கதிர் சூடாகத் தெரியாது என்பதுதான் சிக்கல். காற்று வீசினால், மேகம் மூடினால் வெயில் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். மெல்லிய மேகத்தைத் தாண்டி 80 சதவீதம் வரை அது இறங்கும். மலைப்பக்கம் குளிரும்; ஆனால் 1000 மீட்டர் ஏறினால் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். அதனால் சூட்டை விட்டுவிட்டு நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை.

வியர்க்கிறது என்று சட்டையைக் கழற்றுவது இன்னொரு தவறு. தளர்வான முழுக்கைச் சட்டைதான் நல்லது, ஆனால் துணியையும் கவனிக்க வேண்டும். மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் பாதுகாப்பு இன்னும் குறையும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: மறுபக்கம் தெரிந்தால் கதிரும் உள்ளே வரும். முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி காதையும் பிடரியையும் அப்படியே விட்டுவிடும். சுற்றிலும் விளிம்பு வேண்டும்.

சன்ஸ்கிரீன், அதாவது வெயில் தடுப்புக் களிம்பு விஷயத்தில் எண்ணைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். டியூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப் என்ற பாதுகாப்பு எண் 30 என்றால், தோலைச் சுடும் யூவிபி வகைப் புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. வித்தியாசம் அவ்வளவுதான். ஆய்வகத்தில் தாராளமாகப் பூசி அளந்த எண் அது. நாம் பூசுவதோ பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டுமே ஒரு டீஸ்பூன் வேண்டும். காலையில் பூசியது மாலை வரை தாங்கும் என்பதும் தப்புக்கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்வையைத் துடைத்த பிறகும் மறுபடி பூச வேண்டும். டியூபை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் போட்டுவைக்காதீர்கள், மருந்து கெட்டுவிடும்.

கறுப்புக் கண்ணாடி எல்லாமே கண்ணைக் காக்கும் என்று நினைக்க வேண்டாம். புற ஊதாத் தடுப்பு இல்லாத கண்ணாடி இருட்டைக் கொடுத்துக் கண்மணியை விரியவைக்கும், கதிரையும் உள்ளே விடும். புற ஊதாத் தடுப்பைக் குறிக்கும் யூவி 400 என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

அப்புறம் சூடு. தாகம் எடுத்த பிறகு குடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், கடும் வெப்பத்தில் 15-20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிப்பது நல்லது. வேலைக்குப் புதிதாக வந்தவரையும், நீண்ட விடுப்பிலிருந்து திரும்பியவரையும் முதல் நாளே முழு வேலையில் இறக்குவது மேற்பார்வையாளர்கள் செய்யும் பெரிய பிழை. உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆபத்து அதிகம் முதல் சில நாட்களில்தான்.

கூட இருப்பவர் குழறிப் பேசினாலோ, தள்ளாடினாலோ "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று தனியே விடாதீர்கள். வியர்வை வடிகிறதே, இது ஹீட் ஸ்ட்ரோக் (உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்கு) இல்லை என்றும் முடிவுகட்டாதீர்கள். உழைப்பவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே அது வரும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.